ஒல்லி டயரும் பட்டை ஸ்பிரிங்கும்: பழைய கார் கேள்வி பதில்

சென்ற இதழில் 1920-களின் ஃபோர்டு மாடல் டி கார் படம் ஒன்றைப் போட்டு, அதன் சக்கரங்களைப் பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்துதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

அந்தப் படத்தில் சக்கரம் ஆளின் இடுப்பளவுக்கு இருக்கிறது, டயரோ சைக்கிள் டயரை விடக் கொஞ்சம்தான் தடிமன். அகலமாகச் செய்ய அப்போது தெரியாதா? — வாசகர், ஆரணி

உயரம் ஒரு விஷயம், ஒல்லி வேறு விஷயம். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்பதால் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் உயரம். மாடல் டி காருக்கு (1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள்) பெரும்பாலான ஆண்டுகளில் முன்னால் 30 x 3, பின்னால் 30 x 3½ டயர். வெளிவிட்டம் 30 இன்ச், தடிமன் 3 அல்லது மூன்றரை இன்ச் என்று பொருள். 30 இன்ச் என்றால் 76 செ.மீ. இப்போது ரோட்டில் 30 செ.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். 76 செ.மீ. சக்கரம் அதில் ஏறக்குறைய 3 செ.மீ. தான் இறங்கும். மாருதி 800-ன் சக்கரம் 51 செ.மீ. விட்டம், அது கிட்டத்தட்ட 5 செ.மீ. இறங்கும். ஐந்தடி உயர மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்றரை செ.மீ.யோடு கடந்துவிடும். அன்றைக்கு அமெரிக்காவிலும் ஊருக்கு வெளியே பெரும்பாலும் மண் ரோடுதான், மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் வண்டித் தடம் காய்ந்து கல்லாகிவிடும். அந்த ரோட்டில் குதிரை வண்டி எந்தக் காரணத்துக்காகப் பெரிய சக்கரம் வைத்திருந்ததோ அதே காரணத்துக்காகக் காரும் வைத்தது. மாடல் டி காரின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 10 இன்ச் உயரத்தில் நின்றதற்கும் இந்தச் சக்கரம்தான் ஆதாரம்.

அடுத்து ஒல்லி. இங்கேதான் டயரின் உள்ளே பார்க்க வேண்டும். டயரைத் தாங்குவது ரப்பர் இல்லை, ரப்பருக்குள் இருக்கிற துணி. காற்று அந்தத் துணியை வெளிப்பக்கம் தள்ளுகிறது, துணியில் ஏறும் இழுவிசை காற்றழுத்தத்தையும் டயரின் தடிமனையும் பொறுத்தது. அதே அழுத்தத்தில் தடிமனை இரட்டிப்பாக்கினால் துணியின் மேல் இழுவிசையும் இரட்டிப்பாகும். சரி, அகலமாக வைத்துக்கொண்டு காற்றைக் குறைத்தால் போதாதா என்றால், அப்போது டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும். அந்தக் காலத்து டயர்த் துணி சாதாரண கேன்வாஸ் போல ஊடும் பாவுமாக நெய்தது. மடங்கும்போதெல்லாம் ஊடு நூல் பாவு நூலை அறுக்கும், சூடு ஏறும், கடைசியில் டயர் வெடிக்கும். ஆகவே ஒல்லியாகச் செய்து 60 பவுண்டு காற்று அடித்து, மடங்காமல் விறைப்பாக ஓட்டினார்கள். பிறகு நூல்களை நெய்யாமல் பக்கத்துப் பக்கமாக அடுக்கி, இடையில் ரப்பர் விட்டு ஒட்டும் கார்டு டயர் வந்தது. ஒன்றையொன்று அறுக்காத நூல் கிடைத்த பிறகுதான் தடிமனான, காற்றுக் குறைந்த பலூன் டயர் சாத்தியமானது. ஃபயர்ஸ்டோன் அதை 1923-ல் கொண்டுவந்தது. மாடல் டி கூட கடைசி ஆண்டுகளில் 4.40-21 (தடிமன் 4.40 இன்ச், ரிம் விட்டம் 21 இன்ச்) பலூன் டயருக்கு மாறியது.

அகலமாகச் செய்தால் நல்லது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கையில் இருந்த துணி அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து குடியாத்தம் வரை வழியோர மருத்துவ சேவைக்குப் போனதைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் மாட்டு வண்டி, பிறகு பூஷோ கார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மாதிரிக் கார் நம் பாலாற்று மணலைத் தாண்டுமா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

ஆமாம் ஐயா, அவர் பயன்படுத்தியது ஒரு சிறிய பிரெஞ்சு பூஷோ. ரோட்டோர மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே போகும் அந்தச் சேவை வேலூர் சிஎம்சி வரலாற்றில் முக்கியமான அத்தியாயம். ஒரு நாளில் எத்தனை கிராமம் பார்க்க முடியும் என்பதையே அந்த வாகனம் மாற்றியது. எனக்கு அந்தக் காரின் மேல் தனி மரியாதை உண்டு.

கப்பி ரோட்டிலும் செம்மண் ரோட்டிலும் இந்த வகைச் சக்கரம் நன்றாகவே போகும். ஏரிக்கரைப் பக்கத்துச் சேற்றில் கூடப் பரவாயில்லை, ஒல்லி டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொட்டுவிடும். மாட்டு வண்டி போன தடத்துக்குள்ளும் அது அடங்கும்.

மணல் மட்டும் எதிரி. மணலுக்கு அடியில் சீக்கிரத்தில் கெட்டித் தரை கிடையாது. கணக்குப் பாருங்கள்: ஆட்களோடு ஒரு சிறு காரின் ஒரு சக்கரத்தில் 180 கிலோ எடை என்று வைத்து, 60 பவுண்டு காற்றால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 43 சதுர செ.மீ. தான், உள்ளங்கையில் ஏறக்குறைய பாதி. கத்தி மாதிரி இறங்கும். இன்று ஜீப்பில் மணலுக்குப் போகிறவர்கள் செய்வது போல அன்றைக்குக் காற்றைப் பாதியாகக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் அது கிளிஞ்சர் டயர். இன்றைய டயரின் ஓரத்தில் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது, அதனால் ரிம்மை விட்டு நகராது. கிளிஞ்சரில் கம்பி இல்லை. ரப்பர் விளிம்பு ரிம்மின் வளைந்த உதட்டுக்குள் கொக்கி போல மாட்டி, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தால் மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கும். காற்று குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிய்க்கும், திருப்பத்தில் கழன்றே போகும். அதனால் வறண்ட பாலாற்றை அப்படியொரு கார் தாண்ட வேண்டுமானால் மணல் மேல் கீற்றோ பலகையோ பரப்ப வேண்டும், இல்லையென்றால் மாடு கட்டி இழுக்க வேண்டும்.

காட்பாடியில் மெக்கானிக்கல் படிக்கிறேன். மாடல் டி காரில் ஷாக் அப்சார்பரே இல்லை என்று படித்தேன். வெறும் ஸ்பிரிங் என்றால் வண்டி குதித்துக்கொண்டே இருக்காதா? — மாணவி

நல்ல கேள்வி. கம்பிச் சுருள் ஸ்பிரிங்காக இருந்திருந்தால் நீங்கள் சொல்வது போலத்தான் ஆகியிருக்கும். இருந்தது பட்டை ஸ்பிரிங். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசுகின்றன, அந்த உராய்வே குதிப்பைக் குறைக்கிறது. ஸ்பிரிங்கும் அதுவே, ஷாக் அப்சார்பரும் ஓரளவுக்கு அதுவே. குதிரை வண்டிக்காக 1804-ல் இங்கிலாந்தில் ஒபடையா எலியட் காப்புரிமை வாங்கிய நீள்வட்ட ஸ்பிரிங்கின் வாரிசுகள்தான் இவையெல்லாம். ஃபோர்டு செய்த மாறுதல், நீளவாட்டில் நான்கு ஸ்பிரிங் வைக்காமல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்குவாட்டில் வைத்தது. எடை குறைந்தது, செலவு குறைந்தது, அதோடு ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது அச்சு தாராளமாகச் சாய்ந்துகொடுக்கும், சட்டம் முறுக்காது. மண் ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அந்த விலையில் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் உராய்வில் ஒரு குறை உண்டு. சக்கரம் மெதுவாக நகர்ந்தாலும் வேகமாக நகர்ந்தாலும் உராய்வு ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் சின்னச் சின்ன மேடுகளில் ஸ்பிரிங் நகரவே மறுக்கும், அதிர்ச்சி நேராக இருக்கைக்கு வரும். பெரிய பள்ளத்திலோ அந்த உராய்வு போதாது. பணக்காரக் கார்களில் வைத்த ஹார்ட்ஃபோர்டு வகை உராய்வு ஷாக் அப்சார்பருக்கும் இதே குறைதான்: கத்தரிக்கோல் போல இரண்டு கைகள், நடுவில் தட்டுகள், இறுக்க ஒரு போல்ட். எண்ணெய் வைத்த ஷாக் அப்சார்பர் வேறு மாதிரி, வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். 1927-ன் கடைசியில் வந்த மாடல் ஏ காரில் ஃபோர்டு எண்ணெய் வகையை, ஹூடாய் என்ற பெயரில் வந்ததை, நான்கு மூலையிலும் வைத்தது.

ஸ்பிரிங் ஏன் அவ்வளவு விறைப்பு என்றும் நீங்கள் யோசிக்க வேண்டும். எடை ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை செ.மீ. அமுங்குகிறது என்று பார்த்து, 5-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று தோராயமாகக் கிடைக்கும். 25 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு ஒரு முறை, அது உடம்புக்கு இதம். 6 செ.மீ. மட்டும் அமுங்கினால் நொடிக்கு இரண்டு முறை, வயிற்றைக் குலுக்கும். அன்றைய கார்களில் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த ஸ்பிரிங்கே அச்சைப் பிடித்து வைக்கும் வேலையையும் செய்தது, மென்மையாக்கினால் அச்சு கண்டபடி நகர்ந்து ஸ்டியரிங் கெட்டுவிடும். இந்த முடிச்சை அவிழ்ப்பதில் பெரிய பங்கு மாரிஸ் ஆலி என்ற பொறியாளருக்கு உண்டு. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனவர். அவருடைய வேலையின் விளைவாக 1934-ல் காடிலாக் முதலிய கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறின. லான்சியா லாம்டா 1922-லேயே தனி முன் சஸ்பென்ஷனோடு வந்துவிட்டது, அதையும் தேடிப் படியுங்கள்.

திருமண வாடகைக்கு 1929 மாடல் ஏ ஃபோர்டு வைத்திருக்கிறோம். 21 இன்ச் டயர் கிடைக்கவில்லை என்று ஜீப்பின் 6.00-16 சக்கரத்தை மாட்டினோம். 50 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறுகிறது. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை. — ஆம்பூர்

திரும்ப மாற்றுங்கள். இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆபத்து.

உங்களுக்கு இப்போது நடப்பதுதான் 1920-களின் நடுவில் பலூன் டயர் வந்தபோது எல்லோருக்கும் நடந்தது. முழு அச்சு (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) வைத்த காரில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சே சாய்கிறது. சுழலும் சக்கரம் சாய்ந்தால் பம்பரத்தின் தலை திரும்புவது போல அதுவும் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அதனால் ஸ்டியரிங் உதறும். டயர் கனமாகவும் மென்மையாகவும் ஆக ஆக இந்த உதறல் கூடும். பொறியாளர்கள் முழு அச்சையே கைவிட்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இதில் அலைன்மென்ட் கடைக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), டை ராடு முனை, ஸ்டியரிங் பெட்டி இவற்றில் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள், தேய்மானம் உதறலைப் பெருக்கும், ஆனால் அடிப்படைக் காரணம் சக்கரம்தான்.

இன்னொன்று. 4.50-21 டயரின் வெளிவிட்டம் 30 இன்ச், உங்கள் ஜீப் டயர் 28 இன்ச். அதே வேகத்துக்கு இன்ஜின் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டரும் கூடுதலாகக் காட்டும். கார் ஒரு இன்ச் தாழ்ந்துவிட்டது. ஜீப் சக்கரத்தின் நடு வட்டம் வேறு இடத்தில் இருப்பதால் டயர் கிங்பின் கோட்டிலிருந்து தள்ளி நின்று, ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கை இழுக்கும். அந்தக் கார் பார்க்கவும் அழகாக இல்லை, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து மனது சங்கடப்பட்டது. மாடல் ஏ காருக்கு 4.50-21 டயர் வெளிநாட்டில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், பழைய கார் டயர் விற்கும் இறக்குமதியாளர்கள் மூலம் வரும். விலை கூடத்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண்ணை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

1930-ல் வந்த ஆஸ்டின் செவன். டயர் 3.50-19. புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் 19 இன்ச்தானே, அதையே போடலாமா? — திருப்பத்தூர்

ரிம்மில் ஏறும். அதனால்தான் பலர் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் திரும்பும்போது சாய்கிறது, அதற்காக டயரின் மேற்புறம் உருண்டையாக இருக்கும். கார் சாயாது, திருப்பத்தில் டயரைப் பக்கவாட்டில் தள்ளும், அந்த வேலைக்குப் பைக் டயரின் பக்கச் சுவரைச் செய்யவில்லை. தரையைத் தொடும் பரப்பும் குறைவு, நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். ஆஸ்டின் செவன் எடை குறைந்த கார்தான், ஆனால் அதன் பின் ஸ்பிரிங் கால் நீள்வட்ட வகை (நீள்வட்டத்தில் கால்வாசி), கார் ஒரு பக்கம் சாயும்போது பின் அச்சே கொஞ்சம் திரும்பி ஸ்டியரிங் செய்யும் பழக்கம் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட காருக்கு டயர் நம்பிக்கையாக இருக்க வேண்டும். ஷெட்டுக்குள் தள்ள வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு வேண்டாம்.

வாலாஜாவில் லாரி ஸ்பிரிங் வேலை செய்கிறேன். ஒருவர் 1926 கார் கொண்டுவந்திருக்கிறார். பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் வைக்கலாமா, வைத்தால் குதிக்கும் என்கிறார். — வாலாஜாபேட்டை

அண்ணே, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உராய்வு வேண்டும், துரு வேண்டாம். நூறு வயது ஸ்பிரிங்கில் பட்டைகள் துருவில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகியிருக்கும். கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, பட்டை முனைகள் கீழ்ப் பட்டையில் குழி வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். காரில் தனியாக ஷாக் அப்சார்பர் இருந்தால் தாராளமாகவே பூசலாம். சென்டர் போல்ட் புதிதாகப் போடுங்கள். யூ போல்ட் தளர்ந்திருந்தால்தான் அந்த போல்ட் உடையும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வேண்டுகோள்: லாரிக்குச் செய்வது போல ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட வேண்டாம். ஒல்லி டயர் 60 பவுண்டு காற்றில் தானாக எதையும் வாங்கிக்கொள்ளாது, அமுங்க வேண்டியது முழுக்க ஸ்பிரிங்தான். அதையும் விறைப்பாக்கினால் அடுத்து உடைவது மர ஆரக்கால்.

பழைய படங்களில் டயர் வெள்ளையாக இருக்கிறதே, பெயிண்டா? — 9-ஆம் வகுப்பு மாணவி, அரக்கோணம்

பெயிண்ட் இல்லை. ரப்பரே வெளிர் நிறம், அதோடு துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைச் சேர்த்தார்கள். பிறகு கார்பன் பிளாக் என்ற கரிப்பொடியைச் சேர்த்தால் தேய்மானம் பெருமளவு குறைகிறது என்று கண்டுபிடித்து 1910-களில் மாறத் தொடங்கினார்கள். உங்கள் ஊரில் எம்ஆர்எஃப் ஆலையிலிருந்து வெளியே வரும் டயர் கறுப்பாக இருப்பதற்கும் அந்தப் பொடிதான் காரணம்.

மர ஆரக்கால் வெயிலில் கிறீச்சிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடுகிறது. தொடரலாமா? — வாணியம்பாடி

கூடாது. நம் ஊர்க் கோடையில் மரம் காய்ந்து சுருங்கி மூட்டு தளர்கிறது, தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்ததும் முன்னை விடத் தளரும், உள்ளே துரு வேறு. வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரியின் கைத்திறன் இங்கே பெரிய உதவி, ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லிவிடுங்கள்: மாட்டு வண்டிச் சக்கரம் எடையை மட்டும் தாங்குகிறது, காரின் பின் சக்கர ஆரக்கால் இன்ஜினின் முறுக்கையும் பிரேக்கின் முறுக்கையும் சேர்த்துத் தாங்குகிறது. ஒரு ஆரக்கால் தளர்ந்தாலும் முழுச் சக்கரத்தையும் மாற்றிக் கட்டுவதே சரி.

தோல் தொழிலில் இருக்கிறேன். பழைய கார் ஸ்பிரிங்குக்குத் தோல் உறை தைக்க முடியுமா என்று ஒருவர் கேட்கிறார். அப்படி ஒன்று இருந்ததா? — ராணிப்பேட்டை

இருந்தது, இருக்கவும் வேண்டும். ஸ்பிரிங்கைச் சுற்றித் தோலைப் போர்த்தி, கீழ்ப்பக்கம் ஷூ போலக் கயிறு கோத்துக் கட்டுவார்கள். உள்ளே கிரீஸ், வெளியே தூசியும் தண்ணீரும் அண்டாது. அக்காலக் காரில் தோலுக்கு நிறைய வேலை: கூம்பு கிளட்சின் மேல் தோல் பட்டை, 1900-களின் தொடக்கத்தில் வழுக்காமல் இருக்க டயரின் மேல் இரும்புக் குமிழ் அடித்த தோல் பட்டை கூட. உறை தைக்கும்போது ஸ்பிரிங்கை வண்டியிலேயே வைத்து, எடை ஏறிய நிலையில் அளவெடுங்கள். கழற்றி வைத்த ஸ்பிரிங் அதிகமாக வளைந்திருக்கும், அந்த அளவில் தைத்தால் மாட்டும்போது சுருங்கித் தொங்கும். நடுவில் யூ போல்ட்டுக்கு இடம் விட்டு இரண்டு துண்டாகத் தையுங்கள். வட ஆர்க்காட்டில் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கும்போது யாரும் ரெக்சின் சுற்றக் கூடாது என்பது என் ஆசை.

எங்கள் தாத்தாவின் கார். ஓடுகிறது, ஆனால் பேப்பர் இல்லை. பழைய கார் என்று தனியாகப் பதிவு செய்ய முடியுமா? — வேலூர்

முடியும். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. ஆகவே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம், சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் சுத்தம் செய்து படம் எடுத்து வையுங்கள். வீட்டில் பழைய வரி ரசீது, இன்ஷூரன்ஸ் தாள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.